ஒஸ்ரின் காருக்கு நான் வைத்த கள்ளச் சுவிச்

1

என் மேசையில் ஒரு பழைய சுவிச் கிடக்கிறது. இரண்டு துண்டு சிவப்பு வயர் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. திருகோணமலையில் இருந்து காற்சட்டைப் பைக்குள் வந்தது. விமான நிலையத்தில் ஒருத்தன் எடுத்துப் பார்த்து இது என்ன என்று கேட்டான். சுவிச் என்றேன். எதற்கு என்றான். அதற்கு நான் சொன்ன பதில் பொய். உண்மையை இங்கே எழுதுகிறேன், ஊரில் இருக்கிறவர்கள் வாசித்துத் திட்டுவதென்றால் திட்டட்டும்.

மொன்றியலுக்கு வந்து இருபத்தொன்பது வருடமாகிறது. துறைமுகத்தில் பிறந்து துறைமுகத்திலேயே வந்து விழுந்தவன் நான். ஊர்த் துறைமுகத்தில் கோதுமையும் சீமெந்தும் ஏறி இறங்கும். இங்கே களவெடுத்த காரையும் கொண்டெய்னருக்குள் அடைத்து ஏற்றுகிறார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் முன்வீட்டு இத்தாலியக் கிழவனின் புதுக் கார் போய்விட்டது. விடிய எழும்பிப் பார்த்தால் கார் நின்ற இடம் மட்டும் பனி கொட்டாமல் சதுரமாகக் கிடக்கிறது. பொலிஸ்காரன் வந்தான், எழுதினான், இன்சூறன்ஸுக்கு அடியுங்கள் என்றான், போனான். சாட்சி சொல்லப் போன நான், கார் களவு போனது என்று பிரெஞ்சில் சொல்வதாக நினைத்து, நான் களவெடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் அந்த மொழி என் வாயில் ஒழுங்காக இருக்காது. பொலிஸ்காரன் சிரிக்கவுமில்லை. அன்றைக்கு முழுக்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

என்னுடைய கார் பதினெட்டு வயதுக் கொறோலா. அதை யார் எடுப்பான் என்று எல்லாரும் கேட்டார்கள். பழசைத்தான் பாகத்துக்காக எடுப்பான் என்று நான் சொன்னேன். ஸ்ரேறிங்கையும் பிறேக் பெடலையும் சேர்த்துச் சைக்கிள் சங்கிலி போட்டேன். பின் இருக்கையில் பழைய பாயும் பெயின்ற் வாளியும் அடுக்கி, குப்பைக் கார் மாதிரி ஆக்கினேன். நத்தார் மின்விளக்கில் ஒரு சிவப்புப் பல்பை வெட்டி, அலாரம் இருப்பதுபோல முன் கண்ணாடிக்குக் கீழே மினுங்க விட்டேன். கடைசியாக பெற்றோல் பம்புக்குப் போகிற வயரை அறுத்து, ஒருத்தருக்கும் தெரியாத இடத்தில் ஒரு கள்ளச் சுவிச் வைத்தேன். அதைப் போடாமல் எந்தக் கொம்பனாலும் அந்தக் காரை ஓட்ட ஏலாது.

மகள் அபிரா வந்து பார்த்தாள். இருபத்திரண்டு வயது.

"அப்பா, கள்ளன் வந்து பார்த்தால் அழுதுபோட்டு ரெண்டு டொலர் வச்சிட்டுப் போவான்," என்றாள்.

நல்ல பகிடி. ஆனால் சுவிச் எங்கே என்று அவளுக்கும் நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் அவளுடைய சிநேகிதர்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். அப்படித்தான் நினைத்தேன்.

2

அந்தச் சுவிச் தந்த திமிரோடுதான் அப்பாவின் பத்தாவது திவசத்துக்கு ஊருக்குப் போனேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீடு தங்கச்சி வசந்தாவுக்குச் சீதனமாக எழுதினது. அதைக் கட்டி முடித்தது நான் ஹோட்டல் சலவை அறையில் வெந்து அனுப்பின உழைப்பு. அதைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை. திறக்காமல் இருபது வருடமாக வயிற்றுக்குள் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

எனக்கென்று மிஞ்சினது அப்பாவின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார். வான நீல நிறம். அப்பா அதை ஜெற்றியடியில் வாடகைக்கு ஓட்டினவர், மூதூரில் இருந்து லோஞ்சுப் படகில் வந்து இறங்குகிற சனத்தை ஆஸ்பத்திரிக்கும் கச்சேரி அலுவலகத்துக்கும் ஏற்றி இறக்கினவர். "காரை நீ வச்சுக்கொள்" என்று சாகிறதுக்கு முதல் தொலைபேசியில் என்னிடம் சொன்னவர். அதை வைத்திருந்தது என் மச்சான், தங்கச்சியின் புருஷன் குணம். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு எடுத்தவர். காரை எடுத்துக் கல்யாணங்களுக்கு மாப்பிள்ளைக் காராக ஓடிக்கொண்டிருந்தார்.

இடையில் நாட்டுக்குள் வாகனம் இறக்குமதி செய்யவே விடாமல் வைத்திருந்தார்கள் அல்லவா, அப்போது பழைய கார்களுக்கு வந்த மவுசு இன்னும் இறங்கவில்லை. கொழும்பில் இருந்து ஒருத்தர் ஒஸ்ரினைக் கேட்கிறார் என்று, போவதற்கு இரண்டு மாதம் முதல் தொலைபேசியில் மச்சானிடம் சொன்னேன். விற்பதற்கு இல்லை. மச்சான் என்ன சொல்கிறார் என்று பார்ப்பதற்கு.

"உங்கட விருப்பம் மச்சான்," என்றார்.

இந்த மனுசன் நான் இல்லாத நேரம் விற்றுவிடுவார் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். கோபப்படாத மனுசனை நான் எப்போதும் நம்புவதில்லை.

3

போய் இறங்கின மூன்றாம் நாள் காரை என் பேருக்கு மாற்ற அதன் பதிவுப் புத்தகத்தோடு பிரதேச செயலகத்துக்குப் போனேன். காலையில் போனவனுக்கு மத்தியானம்தான் ஒரு கதிரை கிடைத்தது. வாசலில் ஊருக்குள் திரிகிற மான் நாலு படுத்திருந்து அசைபோட்டன. அவைக்கு என்னைவிட நல்ல இடம்.

உள்ளே மேசையில் இருந்த பெண்பிள்ளை புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"ஐயா, இது இன்னும் உங்கட அப்பான்ர பேரில இருக்கு."

"அப்பா செத்துப் பத்து வருசம்."

"அது சரி ஐயா. அப்ப பிள்ளையள் எல்லாரும் கையெழுத்து வைக்கவேணும். உங்களுக்குச் சகோதரம் இருக்கோ?"

"ஒரு தங்கச்சி."

"அவவின்ர சம்மதக் கடிதம், உங்கட அடையாள அட்டை..."

அடையாள அட்டை எப்போதோ தொலைந்துவிட்டது. கனடாப் பாஸ்போட்டைக் காட்டினேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்கள்தான் இவரெண்டு கிராம சேவகரிட்ட ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றா. பிறந்த ஊரில், நான் நான்தான் என்று இன்னொருத்தன் எழுதித் தரவேண்டும்! கோபத்தில் புத்தகத்தைப் பறித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வசந்தாவிடம் கையெழுத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால், ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் நான் பதில் சொல்லவேண்டும். அதைவிட நேரே நிசார் நானாவின் கராஜுக்குப் போவது சுகமாகப் பட்டது.

4

நிசார் நானா கிண்ணியாக்காரர். அப்பாவின் காலத்தில் இருந்து ஒஸ்ரினைப் பார்க்கிறவர். அவர் தொட்டால் அந்தக் கார் இருமாது. பிறேக் பார்க்கவேண்டும் என்று மச்சானிடம் பொய் சொல்லிக் காரைக் கொண்டுபோனேன்.

"நானா, என்ஜினைப் பத்த வைக்கிற கொயிலுக்குப் போற வயரில ஒரு கள்ளச் சுவிச் வைக்கவேணும். டாஷ்போட்டுக்குப் பின்னால, ஆஷ்ட்ரேக்கு மேல. அதைப் போட்டால்தான் பத்தவேணும். மச்சானுக்குத் தெரியக்கூடாது."

நிசார் நானா என்னை நெடுநேரம் பார்த்தார். கையைத் துடைத்தார். பிறகும் பார்த்தார்.

"கட்டாயம் வேணுமா தம்பி?"

"கட்டாயம் வேணும்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"நானா, வைக்க ஏலுமோ ஏலாதோ?"

"ஏலும். என்ட தொழில்தானே." ஒரு பெருமூச்சு விட்டார். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். இது அமானிதம்."

அமானிதம் என்றால் முஸ்லிம்களிடையே நம்பி ஒப்படைத்த பொருள். உயிர் போனாலும் காக்கவேண்டியது. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் ஏன் அப்படி ஒரு பெருமூச்சு விட்டார் என்று யோசிக்கிற மூளை அன்றைக்கு எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு இதுதான் என் வேலை. மச்சான் காரைக் கொண்டுவந்து நிறுத்தினதும், கண்ணாடி துடைக்கிற சாட்டில் போய்ச் சுவிச்சை நிறுத்துவேன். ஓடவேண்டிய நாளென்று தெரிந்தால் அதே சாட்டில் போய்ப் போடுவேன். "அண்ணாக்குக் காரில நல்ல பாசம் வந்திட்டுது" என்று வசந்தா புட்டும் சொதியும் பரிமாறிக்கொண்டு சொன்னாள். அவள் குத்திச் சொன்னாளா உண்மையாகச் சொன்னாளா என்று எனக்கு விளங்கவில்லை. நானும் மச்சானும் அந்த மேசையில் உப்பை எடு, தண்ணியைத் தா என்பதற்கு மேல் கதைக்கவில்லை.

அந்தக் கிழமைதான் அபிரா மொன்றியலில் இருந்து அழைத்தாள்.

"அப்பா, நேர்முகத்துக்குப் போகவேணும். கார் ஸ்ரார்ட் வரேல்லை. சங்கிலி கழட்டிட்டன். சுவிச் எங்க?"

"பஸ்ஸில போ."

"ரெண்டு பஸ் மாறவேணும் அப்பா. பனி கொட்டுது. சுவிச் எங்க எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"போனில சொல்லேலாது. நான் வந்து காட்டுறன்."

திறப்பைத் திரும்பவும் திருப்புகிற சத்தம் கேட்டது.

"நான் என்ன கள்ளனா அப்பா?" என்று கேட்டாள். பிறகு பிரெஞ்சில், சரி, விளங்குது என்று சொல்லி வைத்துவிட்டாள். கோபம் வந்தால் அவள் தமிழை விட்டுவிடுவாள். அந்தக் கதவுக்குள் என்னால் போக முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

5

நான் திரும்பிப் போவதற்கு மூன்று நாள் முதல், காலை ஆறரைக்கு முற்றத்தில் சத்தம் கேட்டு எழும்பினேன். ஒஸ்ரினுக்கு மச்சான் மாலை கட்டிக்கொண்டு நிற்கிறார். மல்லிகையும் ரோசாவும், முன்பக்கம் வாழைக்குருத்துத் தோரணம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு. பக்கத்தில் பட்டு வேட்டியோடு ஒரு பெரியவர், மாப்பிள்ளையின் தாய்மாமன். மாப்பிள்ளை வீடு எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. பெண் வீடு தம்பலகாமத்தில், ஆனை இறங்குகிற ரோட்டால் போகவேண்டும். ஒன்பதரைக்குள் தாலி.

எனக்கு ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் கேட்டால் காரைத் தரமாட்டேன் என்று பயந்து ஒளித்திருக்கிறார்கள் என்று பிறகு விளங்கியது. அந்த நேரம் விளங்கினது ஒன்றே ஒன்று. சுவிச் நிறுத்தி இருக்கிறது.

மச்சான் ஏறித் திறப்பைத் திருப்பினார். என்ஜின் சுத்தியது, பத்தவில்லை. திரும்பவும். திரும்பவும். குனிந்து இருக்கைக்குக் கீழே கையை விட்டு எதையோ தேடினார். எழும்பித் திருப்பினார். திரும்பவும் குனிந்தார். வேர்வையில் சேட்டு அவருடைய முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஒரு நிமிட வேலை. நான் போய் ஆஷ்ட்ரேக்கு மேலே விரலை வைத்தால் போதும். ஆனால் எல்லாருக்கும் முன்னால் வைக்கவேண்டும். மச்சானுக்கு முன்னால், வாசலில் நிற்கிற தங்கச்சிக்கு முன்னால். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு விறாந்தையில் நின்றேன். பொல்லாத மனம், அந்த நேரத்திலும் ஒரு மூலையில் சந்தோசப்பட்டது. நான் வைத்த சுவிச் வேலை செய்கிறதே என்று!

தாய்மாமன் கத்தத் தொடங்கினார். "என்ன குணம் இது? நேற்றே சொல்லியிருந்தால் வேற வாகனம் பிடிச்சிருப்பமே! ஆனை ரோட்டில ஏறினால் பிறகு அவ்வளவுதான்!"

"பத்தும் அண்ணை, பத்தும். நேற்று வரைக்கும் நல்லா ஓடினது."

வசந்தா நிசார் நானாவுக்கு அழைத்தாள். அவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர ஏழேகால் ஆகிவிட்டது. வந்து பொனற்றைத் திறக்கவில்லை. இறங்கின இடத்தில் நின்று என்னைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"குணம் தம்பி, கொஞ்சம் அங்கால திரும்பி நில்லுங்க," என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "கனடாத் தம்பி, நீங்க வந்து உங்கட வேலையச் செய்ங்க."

முற்றம் முழுக்க என்னைப் பார்த்தது. கோப்பையை வைத்துவிட்டுப் போனேன். கையை உள்ளே விட்டுச் சுவிச்சைப் போட்டேன்.

"சரி. இப்ப நீங்க திரும்பி நில்லுங்க," என்று என்னிடம் சொன்னார் நிசார் நானா. "குணம் தம்பி, இப்ப நீங்க வாங்க. உங்கட வேலையச் செய்ங்க."

நான் திரும்பி நின்றேன். பின்னால் இருக்கைக்குக் கீழே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொழும்புக்காரன் கேட்கிறான் என்று நான் தொலைபேசியில் சொன்ன கிழமையே, மச்சானும் நிசார் நானாவிடம் போயிருக்கிறார். நான் வந்து காரைக் கொண்டுபோய் விற்றுவிடுவேன் என்ற பயத்தில். ஒரே வயரில் இரண்டு சுவிச், இரண்டும் ஒரே மனுசனின் கையால். அந்த மனுசன் இரண்டு அமானிதத்தையும் காத்துக்கொண்டு எங்கள் நடுவில் நிற்கிறார்.

"இத்தனை வருசத்தில ஒரு வயரில ரெண்டு கள்ளச் சுவிச் நான் வச்சது இந்தக் காருக்குத்தான்," என்றார் அவர்.

திறப்பைத் திருப்பினால், பற்றறி செத்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாங்கள் எல்லாரும் தள்ளினோம். தெருவின் முனையில் ஒஸ்ரின் பத்தி உறுமியது. ஆனால் அதற்குள் மாப்பிள்ளையைத் தாய்மாமன் ஒரு வானில் ஏற்றிவிட்டார். போகிற போக்கில் ஓடிவந்து, எங்கள் காரில் இருந்த மாலையைப் பிடுங்கி வானின் முகப்பில் கட்டினார். தோரணம் அறுந்து தெருவில் கிடந்தது. ஒஸ்ரின் வெறுமையாக நின்று இரைந்துகொண்டிருந்தது.

"இனி உங்கட காரைக் கேட்டு ஒருத்தனும் வரமாட்டான்," என்று கத்திவிட்டுப் போனார் அவர். அது உண்மையாகிவிட்டது. அன்றைக்குப் பின்னேரத்துக்குள் மச்சான் ஏற்றிருந்த வைகாசி மாதக் கல்யாணக்காரர் இரண்டு பேரும் வேறு கார் பார்த்துக்கொண்டதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

6

மச்சான் திறப்பை ஆணியில் கொழுவினார். வேட்டியை மாற்றிவிட்டு டச்சுக்குடாக் கடற்கரைப் பக்கம் நடந்து போய்விட்டார். கதைத்தது வசந்தா.

"சண்டைக் காலத்தில காரை ஆமி கேட்டு வந்தவங்கள், இயக்கம் கேட்டு வந்தது. அப்பாவால என்ன செய்ய ஏலும்? இந்த மனுசன்தான் நாலு சில்லையும் கழட்டிக் கிணத்தடியில புதைச்சவர். காபரேற்றரைக் கழட்டி அரிசி வாளிக்குள்ள வச்சவர். வந்தவையள் எல்லாம் செத்த காரைப் பாத்துப்போட்டுப் போனவையள். ஒருக்கா அதுக்காக அடியும் வாங்கினவர். நீங்கள் எங்க இருந்தனீங்கள்?"

"நான் உழைச்சு அனுப்பினனான்," என்றேன்.

"ஓம், அனுப்பினீங்கள். நாங்கள் மறக்கேல்லை. நீங்கள்தான் ஒவ்வொரு நாளும் நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறீங்கள்."

எழும்பி அறைக்குள் போய்ப் போனை எடுத்தேன்.

அன்றைக்கே அபிராவுக்குச் சுவிச் இருக்கிற இடத்தை எழுதி அனுப்பினேன். பதில் பிரெஞ்சில் வந்தது. தேவையில்லையாம், சிநேகிதியின் காரில் போய்க்கொண்டிருக்கிறாளாம். நேர்முகம் என்னவானது என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

அடுத்த நாள் காலை கிராம சேவகரைப் பிடித்து, நான்தான் நான் என்று கடிதம் எடுத்தேன். காரில் எனக்குள்ள பங்கை வசந்தாவுக்கு விட்டுக் கொடுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். ஏதோ பெரிய தர்மம் செய்கிறவன் மாதிரி அதைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். குசினி வாசலில் நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஈரக்கையால் தொடவில்லை.

"உந்தப் பேப்பர் எனக்கென்னத்துக்கு? முதல்ல நிசார் நானாவைக் கூப்பிட்டு உங்கட சுவிச்சைக் கழட்டச் சொல்லுங்கோ."

நிசார் நானா வந்தார். மச்சான் விறாந்தைக் கதிரையில் நியூஸ் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார், ஒரு பக்கமும் திருப்பவில்லை. நானா டாஷ்போட்டுக்குக் கீழே மல்லாக்கக் கிடந்து என் சுவிச்சைக் கழற்றினார். வயரை முறுக்கி நாடா சுற்றினார். எழும்பிவந்து அதை என் கையில் வைத்தார்.

"இந்தாங்க தம்பி உங்கட அமானிதம்." பிறகு வசந்தாவைப் பார்த்து, "மற்றதையும் கழட்டட்டா புள்ள?" என்று கேட்டார்.

வசந்தா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அது இருக்கட்டும் நானா," என்றாள். "அண்ணா போறதுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

நிசார் நானா தலையைக் குனிந்துகொண்டு ஸ்பேனர்களை அடுக்கினார். நான் சுவிச்சைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பெட்டி அடுக்க உள்ளே போனேன்.